மெக்ரிட்சி என்று பெயர் வைத்தவள்

என் அண்ணன் ரமணனைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. அவனும் என்னைப் பற்றி ஊரெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் அவனுக்குக் கீழே நாற்பது பேர். நாற்பது பேரும் மடையர்கள் என்பது அவன் கட்சி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இலைச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு போவோம். இலை விழுவதற்குள் ஆரம்பித்துவிடுவான். புதிதாகச் சேர்ந்த பெண் எப்படித் திக்கித் திக்கிப் பேசினாள், மேலதிகாரி கூட்டத்தில் எப்படிக் கொட்டாவி விட்டார் என்று நடித்துக் காட்டுவான். நான் எடுத்துக் கொடுப்பேன். அவன் குரல் பெரியது. மேசையைத் தட்டிச் சிரிப்பான். என் குரல் சின்னது. அவன் முடித்த பிறகு, தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்தபடி ஒரே ஒரு வரி சொல்வேன். பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டில் பாசம் என்பது கிண்டல்தான். அப்பா அழகப்பன் கப்பல் பட்டறையில் வெல்டர். பள்ளிப் பேச்சுப்போட்டியில் நான் மூன்றாம் பரிசு வாங்கி வந்த அன்று, "மொத்தம் கலந்துக்கிட்டதே மூணு பேரா?" என்று கேட்டார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த வாரம் அவன் கால்பந்துக் குழுவில் சேர முடியாமல் திரும்பி வந்தபோது நான் சிரித்தேன். அடி வாங்காமலிருக்க ஒரே வழி முந்திக்கொண்டு அடிப்பது என்பதை இரண்டு பேரும் பத்து வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்டோம். என்னை யாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கும் இதுவே காரணம் என்று அண்ணன் சொல்வான். நான் தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஃபேரர் பார்க்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்லும் வேலை.

அண்ணனின் ஒரே மகள் அனுப்ரியா. தெம்பனிஸ் பேட்டையில் உயர்நிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் அழுவாள். ஒன்பது வயதில் அவள் வளர்த்த வெள்ளெலி செத்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். மூன்றாம் நாள் நான் போனேன். அவள் உதடு துடிப்பதைப் பார்த்து, "ஐயோ, மெக்ரிட்சி தெறந்துடுச்சு" என்றேன். அண்ணன் சோபாவில் உருண்டான். அன்றிலிருந்து அவள் கண் கலங்கினால் போதும், "மெக்ரிட்சி இன்னைக்கு எந்த லெவல்?" என்று யாராவது கேட்பார்கள். எங்கள் ஊர் நீர்த்தேக்கத்தின் பெயர் ஒரு குழந்தைக்கு இவ்வளவு பொருந்துமா என்று எனக்கே பெருமை. பன்னிரண்டு வயதில் அழுகை நின்றுவிட்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று மற்ற பிள்ளைகள் குமுறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் மதிப்பெண் தாளை மடித்துப் பையில் வைத்தாள். "எல்லாம் வீட்டு ட்ரெய்னிங்" என்று அண்ணன் மற்றப் பெற்றோரிடம் சொன்னான்.

போன மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை காலையில் கடைக்குப் போன் வந்தது.

"மிஸ் மணிமேகலையா? நான் அர்ஃபான். அனுப்ரியா ஸ்கூல்ல கவுன்சிலர்."

தமிழில் பேசினார். சின்னப் பையன் குரல்.

"அனு இப்ப என் பக்கத்துலதான் இருக்கா, சேஃபா இருக்கா. பயப்படாதீங்க. ஆனா அவ ஒரு ஆறு மாசமா கையைக் காயப்படுத்திக்கிட்டு இருந்திருக்கா. அவ ஃப்ரெண்ட் ஒருத்தி டீச்சர்கிட்ட சொல்லியிருக்கா. இன்னைக்குப் பேரண்ட்ஸ்கிட்ட பேசணும். அத்தையும் வந்தாதான் பேசுவேன்னு சொல்றா."

எனக்குப் பதறியது உண்மை. ஆனால் அது ஒரு நிமிடம்தான். ரயிலில் உட்கார்ந்ததும் மனம் வேறு வேலையைத் தொடங்கிவிட்டது. பெற்றவர்களை நம்பவில்லை, என்னை நம்பியிருக்கிறாள் என்று தோன்றியது. பின்னே, அந்த வாயாடி அப்பனிடம் எந்தப் பிள்ளை எதைச் சொல்லும்? தெம்பனிஸ் வருவதற்குள் அண்ணனைக் கிழிப்பதற்கு எட்டு வரிகள் தயார் செய்துவிட்டேன். அதில் இரண்டு மிக நன்றாக வந்திருந்தன.

ஆலோசனை அறையில் சிரிக்கும் சூரியன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. மெத்தைத் தலையணைகள், வண்ணப் பென்சில்கள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டிய அறை போலிருந்தது. அர்ஃபானுக்கு முப்பதுகூட இருக்காது. கழுத்தில் அட்டை, ஒல்லியான உடம்பு. அனு நீளக்கை உடுப்பு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். சுந்தரி அண்ணி அவள் பக்கத்தில். அண்ணியின் முழுப்பெயர் சிவகாமசுந்தரி. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. சீருடையோடு ஓடி வந்திருந்தார். அண்ணன் கடைசியாக வந்து, உட்காருவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இது டிக்டாக்ல பார்த்துப் பண்றதுதானே?" என்றான். "ட்ரெண்ட். எல்லாருக்கும் அட்டென்ஷன் வேணும்."

"யாருக்குமே காட்டல சார்," என்றார் அர்ஃபான். "ஆறு மாசம் மறைச்சிருக்கா. கவனிக்கணும்னு பண்றவங்க இப்படி மறைக்க மாட்டாங்க."

"எங்க காலத்துல எங்கப்பா பெல்ட்டைக் கழட்டுவாரு. நாங்க என்ன, கையைக் கிழிச்சிக்கிட்டா உக்காந்திருந்தோம்? இந்தக் காலத்துப் பசங்க டிஷ்யூ பேப்பர் லா. தண்ணி பட்டாலே கிழிஞ்சிருது."

அந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தன் அலுவலகக் கூட்டத்தை நடத்துவதுபோல நடத்தினான். எத்தனை தடவை, எந்தத் தேதி, பள்ளிக்கு எப்போது தெரியும், ஏன் உடனே மின்னஞ்சல் வரவில்லை. மகளின் முகத்தை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் ரசித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இவன் எவ்வளவு கேவலமானவன் என்பதை இன்றைக்காவது ஒரு வெளியாள் பார்க்கிறாரே என்ற திருப்தி. என் முறை வரட்டும் என்று காத்திருந்தேன்.

"அனு, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று கேட்டார் அர்ஃபான்.

"நானே சொல்றேன்."

மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஒப்பித்துப் பார்த்து வந்தவள்போல இருந்தது.

"ஏதாவது தப்பாப் போச்சுன்னா தலைக்குள்ள ஒரு வாய்ஸ் கேக்கும். டெஸ்ட்ல மார்க் கொறைஞ்சா, ஃப்ரெண்ட்ஸ் என்னை விட்டுட்டுப் போனா, க்ளாஸ்ல ஏதாச்சும் தப்பா சொல்லிட்டா. கத்தாது. ஜோக் மாதிரி சொல்லும். எல்லாரும் சிரிக்கிற மாதிரி இருக்கும். ஸ்டாப்பே ஆகாது. அழுதா போயிடும்னு தெரியும். ஆனா எனக்கு அழுகை வரல. ட்ரை பண்ணேன். முன்னாடி வரும், இப்ப வரல. அப்பதான் அது… அது பண்ணா கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும். அப்புறம் இன்னும் மோசமா பேசும்."

அண்ணி அவள் முதுகில் கை வைத்தார்.

"யாரு வாய்ஸு அது?" என்றான் அண்ணன். உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு. "என்னோடதா? சொல்லு, கேஸை முடிச்சிரலாம்."

"இல்லப்பா. நீங்க கத்துவீங்க, அதோட முடிஞ்சிரும். இது அத்தை வாய்ஸ்."

அர்ஃபான் ஆச்சரியப்படவில்லை என்பதைக் கவனித்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அதனாலதான் அத்தையும் வரணும்னு சொன்னேன்," என்றாள் அனு. "அத்தை திட்ட மாட்டாங்க. சிரிப்பாங்க. அப்புறமா யார் மூலமாவது கேள்விப்பட்டா இதுக்கும் ஒரு பேர் வெச்சிருவாங்க. எல்லாரும் அதையே சொல்லிக் கூப்பிடுவீங்க. எல்லார் முன்னாடியும் இங்கயே கேட்டா வைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அண்ணன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். குற்றவாளி தான் இல்லை என்ற நிம்மதி அவனுக்கு. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிதன், மகள் இப்படி உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சிரித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது.

நான் செய்தது அதைவிடக் கேவலம். என்னைத் தாக்கியவுடன் திருப்பித் தாக்குவது முப்பத்தைந்து வருடப் பழக்கம். யோசிக்கும் முன்பே வாய் திறந்துவிட்டது.

"தலைக்குள்ள வந்து பேசுற அளவுக்கா நான் நல்லா பேசுறேன்? இத்தனை நாளா ஃப்ரீயா பேசிட்டேனே."

அண்ணன்கூடச் சிரிக்கவில்லை. அனு அர்ஃபான் பக்கம் திரும்பி, மிகச் சாதாரணமாக, "பாத்தீங்களா சார்?" என்றாள்.

அதன் பிறகு அர்ஃபான் பேசியது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மருத்துவமனையில் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது, கடிதம் தருகிறேன் என்றார். கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடாதீர்கள், தினமும் அவளிடம் பேசுங்கள், நேராகவே கேளுங்கள், கேட்பதால் எதுவும் கெட்டுப்போகாது என்றார். அவள் உங்களை ஏமாற்றவில்லை, சமாளிக்க வழி தெரியாமல் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வேறு வழிகளைக் கற்றுக்கொள்ள முடியும் என்றார்.

அண்ணன் ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டான். "ஹாஸ்பிடல்னா ரெக்கார்ட் ஆயிடும். நாளைக்கு ஸ்காலர்ஷிப், கவர்மெண்ட் வேலைன்னு போனா இதைத் தோண்டுவாங்க. வேணாம். வீட்டுலயே பாத்துக்கலாம்."

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் அண்ணி.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்று அவர் குரலிலேயே, மூக்கால் இழுத்துச் சொல்லிக் காட்டினான் அண்ணன். பதினாறு வருடமாக அவர் எதைச் சொன்னாலும் இப்படித்தான்.

அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. அர்ஃபானிடம், "லெட்டர் குடுங்க தம்பி. நாளைக்கும் நாளன்னைக்கும் லீவு சொல்லிட்டேன்," என்றார்.

வெளியே வராந்தாவில் அண்ணியைப் பிடித்தேன். நானும் மருத்துவமனைக்கு வருகிறேன், இவனை நம்பி விட முடியாது, இவன் ஒரு அரைவேக்காடு என்று ஆரம்பித்தேன். ரயிலில் தயாரித்த வரிகளில் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"நீ வர வேணாம் மேகலா," என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "இத்தனை வருஷமா அண்ணனும் தங்கச்சியும் பேசுறீங்க, நான் பரிமாறிக்கிட்டு இருக்கேன். நானும் சிரிச்சேன். புள்ளைய மெக்ரிட்சின்னு நானும் கூப்பிட்டேன். அதை நெனச்சாதான் எனக்கு அசிங்கமா இருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

மரியாதையாகப் பேசியே பழகிய ஒரு பெண் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைப் பற்றியும் வரிகள் தயாரித்தேன். சாப்பாடு பரிமாறியதைத் தவிர இவர் என்ன கிழித்தார் என்று. தோ பாயோ நிலையத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது. இந்தக் குரல்தான். அனுவுக்குக் கேட்பது இதேதான்.

திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கடையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் எனக்குள் ஒரு வரி ஓடுவது நிற்கவில்லை. முன்பு அது ஓடுவது தெரியாது, இப்போது தெரிகிறது. நாள் முழுவதும் யாரோ பக்கத்தில் நின்று எல்லோரையும் காறித் துப்பிக்கொண்டே இருப்பதுபோல. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இதைத் தன்னை நோக்கியே கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது. அண்ணன் மட்டும் போன் செய்வான்.

"ஹாஸ்பிடல் போய் ஒரு மணி நேரம் கலர் அடிச்சிட்டு வருது பொண்ணு. அதுக்குப் பேரு தெரபியாம். என்னையும் ஒரு நாள் கூப்பிட்டாங்க. அந்த லேடி பேசுறதைப் பாக்கணும் நீ, உப்பு போடாத கஞ்சி மாதிரி."

முதல் தடவை சிரித்துவிட்டேன். வழக்கம். போனை வைத்த பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. "உனக்கு என்ன ஆச்சு, நீயும் உப்பில்லாமப் போயிட்டே," என்று வைத்துவிட்டான். அவன் அந்த ஒரு சந்திப்புக்குப் பிறகு மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. ஆனால் வீட்டில் ஒன்று நடந்தது; அதையும் அவனே குறையாகச் சொன்னான். சாப்பாட்டு மேசையில் அவன் யாரையாவது நடித்துக் காட்ட ஆரம்பித்தால், அண்ணி தன் தட்டையும் அனுவின் தட்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாராம். சண்டை கிடையாது, பேச்சு கிடையாது. நான்கைந்து தடவைக்குப் பிறகு அவன் நிறுத்திக்கொண்டான். மனம் மாறியெல்லாம் இல்லை. பார்க்க ஆளில்லாமல் நடிக்க அவனுக்குத் தெரியாது.

மே மாதம் அண்ணியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. நேற்று மறுபடியும் நடந்துவிட்டது, ஆனால் இந்த முறை அவளே வந்து சொன்னாள், இப்படித் திரும்ப வருவது உண்டு என்று டாக்டர் சொன்னார், யாரிடமும் பேசாதே. எனக்கு எழுதியதற்காக அண்ணிக்கு நன்றி சொல்லி நாலு வரி அடித்தேன். எல்லாவற்றிலும் ஒரு புத்திசாலித்தனம் எட்டிப் பார்த்தது. அழித்துவிட்டு "சரி அண்ணி" என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூன் விடுமுறையில் அனுவே செய்தி அனுப்பினாள். பார்க்கலாமா என்று. தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பகுதியில் மத்தியானம் சந்தித்தோம். தோசையும் தே ஆலியா என்ற இஞ்சித் தேநீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கூட்டம், இரைச்சல், மேசையெல்லாம் ஈரம்.

"சாரி அனு," என்றேன். "என் வாய்க்கு ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கணும், எங்க போய் இடிக்குதுன்னு…"

"அத்தை, சாரி சொல்றப்ப ஜோக் சொல்லாதீங்க."

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதில் அது தெரியாதவள் அடுத்தவர் கண்ணுக்குப் பவர் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நீ அழுதப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாது. பேர் வெச்சிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான்," என்றேன். வாயில் மண் அரைபடுவதுபோல இருந்தது.

"ஓகே," என்றாள். "கேட்டுட்டேன்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே வேறு பேச ஆரம்பித்தாள். டீச்சரிடம் போய்ச் சொன்ன அந்தச் சிநேகிதியோடு இப்போது பேசுவதில்லையாம். துரோகம் செய்துவிட்டாள் என்று இவள்தான் முதலில் பேச்சை நிறுத்தியிருக்கிறாள். இப்போது பேசப் போனால் அவள் திரும்பிக்கொள்கிறாளாம். "அவ எனக்கு நல்லதுதான் பண்ணா. நான்தான் அவளைக்…" என்றவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. முகம் கோணியது.

அழுதாள். ஒன்பது வயதில் அழுததுபோலவே, மூக்கு ஒழுக, சத்தமாக. பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். தோசைக்கடைக்காரர் என்னை முறைத்தார், நான் அடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். எனக்குக் கூசியது, அதுதான் உண்மை. அன்பெல்லாம் அப்புறம். முதலில் வந்தது அவமானம். வாயில் மூன்று வரிகள் வரிசைகட்டி நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டிஷ்யூ பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினேன். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதித் தோசையைச் சாப்பிட்டாள். அந்தச் சிநேகிதிக்கு அன்று சாயங்காலமே போன் செய்தாள் என்று பின்னால் அண்ணி சொன்னார்.

ஆகஸ்ட் மாதம் அண்ணியின் விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. "வியாழக்கிழமை நீ கூட்டிட்டுப் போக முடியுமா? அவகிட்ட கேட்டுட்டேன், சரின்னா," என்றார். கடையில் சொல்லிவிட்டுப் போனேன். பேருந்தில் அனு காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். மருத்துவமனை முகப்பில் இருந்த பெண் நான் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டார். அத்தை என்றேன்.

"நீங்க உள்ள வர வேணாம். இங்கயே இருங்க," என்றாள் அனு. கதவு மூடிக்கொண்டது.

ஐம்பது நிமிடம். எதிரே ஒரு அப்பா தன் மகனிடம் தாழ்ந்த குரலில், நேராக உட்காரக்கூடத் துப்பில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா மகள் தலையைக் கோதியபடி கைப்பேசியில் காலணி விலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரைப் பற்றியும் எனக்குள் வரிகள் வந்தன, நல்ல வரிகள். அனுப்ப யாரும் இல்லை. அண்ணனுக்கு அனுப்பலாமே என்று ஒரு கணம் கை பைக்குள் போனது, வெளியே எடுத்துவிட்டேன்.

கதவு திறந்து அனு வந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

"அடுத்த வியாழக்கிழமை ரெண்டரை மணி," என்றாள். "உங்களுக்குக் கடை இருக்குமா?"

"இருக்கும். வரேன்," என்றேன்.